ராஜாமணி கழற்றாத வளையம்

ஒரகடம் கூட்ரோட்டில் நின்று ராஜாமணி என்று கேட்டால் நாலு பேர் கை நீட்டி வழி காட்டுவார்கள். பெட்ரோல் பங்குக்குப் பின்பக்கம், வேப்பமரத்தடியில், வண்டி ஏறி நிற்க இரண்டு சிமெண்டு மேடை, நடுவில் ஆள் இறங்கிப் பார்க்க ஒரு பள்ளம், ஓரமாக ஒரு தகரக் கொட்டகை. அதுதான் அவன் வண்டி கழுவுகிற வாட்டர் சர்வீஸ். 1991இல் அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. அதில் பதினாறு வருஷம் அந்தப் பள்ளத்திலேயே போயிருந்தது.

ஆள் ஒல்லி, வாய் மட்டும் பெரிசு. காரில் ஒட்டிய தாரைச் சவர பிளேடால் சுரண்டிவிட்டு, மிச்சத்தை நீ எடு என்று கொண்டுவந்து நிறுத்துகிறவர்களை அவன் மனுஷராகவே மதித்ததில்லை. ஒரு தடவை பெரிய டாக்டர் ஒருவர் அப்படி வந்தார். இதே பிளேடை வைத்து உங்கள் கன்னத்தைச் சுரண்டினால் சும்மா இருப்பீர்களா என்று நேருக்கு நேர் கேட்டுவிட்டான். பங்க் முதலாளி அன்றைக்கு அவனை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். திட்டு வாங்கிய கையோடு போய் அந்த டாக்டர் காரைக் கண்ணாடியாகத் துடைத்துக் கொடுத்தான், அது வேறு விஷயம்.

தார் எடுக்க அவனிடம் ஒரு முறை இருந்தது. மில்லிலிருந்து வரும் கழிவு நூலை எல்லாரும் வேஸ்ட் என்பார்கள். அதில் ஒரு பிடி எடுத்து மண்ணெண்ணெயில் நனைத்து, தார் பட்ட இடத்தில் அப்படியே அப்பிவிட்டு, பீடி பிடிக்கப் போய்விடுவான். பீடி முடிகிற நேரத்துக்குத் தார் இளகியிருக்கும். அழுத்தாமல் ஒரே பக்கமாக ஒரு வழி வழித்தால் போதும். அப்புறம் சோப்பு ஆயில், அப்புறம் தண்ணீர். நாள்பட்ட தார் மூன்று பீடி கேட்கும். நேற்றுப் பட்ட தாருக்குப் பீடியே வேண்டாம், விரல் பட்டாலே வந்துவிடும். தாரின் வயசைத் தொட்டுப் பார்த்தே சொல்லுகிறவன் அந்த வட்டாரத்தில் அவன் ஒருவன்தான்.

எல்லாம் முடிந்த பிறகு ஹெட்லைட்டுக்கு வருவான். விளக்கைச் சுற்றியிருக்கும் வெள்ளி வளையத்துக்கு அடியில் ஒற்றைத் திருகாணி உண்டு. அதைத் திருப்புளியால் கழற்றி வளையத்தைக் கையில் எடுத்துக்கொள்வான். அதன் பின்னால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலும் எட்டாத ஒரு சந்து. பூச்சி, சேறு, வைக்கோல் தும்பு எல்லாம் அங்கே போய் அடைந்துகொள்ளும். வெளியிலிருந்து ஒருத்தன் கண்ணுக்கும் தெரியாது. தெரியாத இடத்தை எதற்கடா நோண்டிக்கொண்டிருக்கிறாய், பின்னால் மூன்று வண்டி நிற்கிறதே என்று முதலாளி கத்துவார்.

"எனக்குத் தெரியுதே, இன்னா பண்ணச் சொல்றீங்க?" என்பான். இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டே பதினாறு வருஷத்தை ஓட்டிவிட்டான்.

அழுக்கேறிய வேஸ்ட்டை அவன் எறிவதில்லை. மண்ணெண்ணெய் ஊறியது, நெருப்பு வைத்தால் உடனே பிடிக்கும். சாயங்காலம் ஒரு டால்டா டப்பாவில் அடைத்து வீட்டுக்கு எடுத்துப் போவான். கொட்டகைக்குப் பின்னால் நூறடி தள்ளித்தான் வீடு. அவன் மனைவி கிளியம்மாள் அதை வைத்துத்தான் விறகடுப்பை மூட்டுவாள். சோற்றில் கார் வாசனை அடிக்கிறது என்று மகள் மஞ்சுளா முகத்தைச் சுளிப்பாள். வாசனைக்குப் பயந்தால் பட்டினி கிடக்க வேண்டியதுதான் என்று கிளியம்மாள் சொல்லுவாள்.

அந்த வருஷம் ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையை அகலப்படுத்திப் புதிதாகத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். கல் குவாரி லாரிகள் பெருத்துவிட்டன. நிலம் பார்க்கிறேன், மனை பிரிக்கிறேன் என்று கார்களும் வர ஆரம்பித்திருந்தன. சாலை வேலையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஜல்லி சுமந்தார்கள். காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கொதிக்கிற தாரின் ஓரமாகவே நாள் முழுக்க நடை. வேலை முடிந்து கூட்ரோட்டுக்கு பஸ் ஏற வருகிறவர்கள், கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து ராஜாமணியிடம் ஒரு பிடி வேஸ்ட் வாங்கிக் கை காலைத் துடைத்துக்கொண்டு போவார்கள்.

அவர்களில் சேரப்பணஞ்சேரி ஞானம்மா மட்டும் உட்கார்ந்து நிதானமாகத் துடைப்பாள். விரல் இடுக்கு, நகக்கண் ஒன்றையும் விடமாட்டாள். அவள் புருஷன் தாவீதுக்குப் பார்வை மங்கிப் போய் நாலு வருஷமாகிறது. வீட்டில் தார்க்கால் தடம் பட்டால் அவனுக்கா தெரியப்போகிறது, எதற்கு இத்தனை பாடு என்று கிளியம்மாள் ஒரு நாள் கேலி செய்தாள். அவருக்குத் தெரியாது அக்கா, எனக்குத் தெரியுமில்லையா என்றாள் ஞானம்மா. தன் பேச்சை இன்னொருத்தி வாயிலிருந்து கேட்ட ராஜாமணிக்கு அவள் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு மட்டும் புது வேஸ்ட்டாக எடுத்துக் கொடுப்பான்.

ஐப்பசி நெருங்குகிற நேரம், ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குக் காலையிலேயே ஸ்பேனர், திருப்புளி, பிரஷ், தண்ணீர் பம்பு, மண்ணெண்ணெய் டின் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, கொட்டகையில் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்துவிட்டான். வைத்தால் வைத்ததுதான். மறுநாள் மறுபூஜை போட்டுக் கற்பூரம் காட்டின பிறகே எடுக்க வேண்டும். நடுவில் தொட்டால் வருஷம் முழுக்கக் கையில் வேலை தங்காது என்பார்கள். மற்ற விஷயங்களில் எப்படியோ, இதில் ராஜாமணி படு கண்டிப்பு.

மத்தியானம் பொரி வாங்கிக்கொள்ள ரோடு வேலைப் பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கு அன்றைக்கும் லீவு இல்லை. மழை பிடித்துக்கொள்வதற்குள் ஏரிக்கரை வளைவை முடித்தாக வேண்டும் என்று மேஸ்திரி விரட்டிக்கொண்டிருந்தான். சாயங்காலம் கொட்டகை பூட்டியிருக்குமே, இப்போதே ஒரு பிடி நனைத்துக் கொடுத்தால் வைத்துக்கொள்வேன் என்று ஞானம்மா கேட்டாள். ராஜாமணி சந்தனப் பொட்டோடு இருந்த மண்ணெண்ணெய் டின்னைக் காட்டினான். நாளைக்கு வா, இரண்டு பிடியாகத் தருகிறேன் என்றான். அவள் சிரித்துக்கொண்டே அவன் அள்ளிக் கொடுத்த பொரியைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

மறுநாள் விடிந்து ஆறு மணி இருக்கும். கிளியம்மாள் மறுபூஜைக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளை அம்பாசடர் ஒன்று வந்து சிமெண்டு மேடையில் ஏறி நின்றது. வாலாஜாபாத் நரசிம்மன் இறங்கினார்.

நரசிம்மன் நிலம் வாங்கி மனை பிரித்து விற்கிறவர். காரைத் தானே ஓட்டுவார். நல்ல மனுஷர் என்று பேர், அந்தப் பேரில் பொய்யும் இல்லை. மஞ்சுளா பன்னிரண்டாவது முடித்துவிட்டு இரண்டு வருஷமாக வீட்டில் இருப்பது தெரிந்து, அவராகவே மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் பேசி, வேலைக்குக் கடிதமும் வாங்கிக் கொடுத்திருந்தார். அடுத்த வாரம் அவள் சேர வேண்டும். அந்தக் கடிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் முதல்முதலாக மாதச் சம்பளத்துக்குப் போகப்போகிற ஆள் அவள்தான்.

வேறு யாராவது வந்திருந்தால் மறுபூஜை முடியட்டும், ஒன்பது மணிக்கு வா என்று திருப்பி அனுப்பியிருப்பான். இவரை எப்படி அனுப்புவது? கருவியைத்தானே தொடக் கூடாது, கையைத் தொடக் கூடாது என்று யார் சொன்னது என்று தனக்குத்தானே ஒரு நியாயம் பண்ணிக்கொண்டான். வீட்டு வாளி, கிணற்றுத் தண்ணீர், கிளியம்மாளின் விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய் பாட்டில், ஒரு பிடி வேஸ்ட். இவ்வளவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

வண்டியின் இடது பக்கம் முழுக்கத் தார். மட்கார்டிலிருந்து கதவுக் கைப்பிடி வரைக்கும் தெறித்து இழுத்திருந்தது. தொட்டுப் பார்த்தான், விரலிலேயே வந்தது. புதுத் தாரில் வண்டியை விட்டீர்களே ஐயா, பெயிண்ட் என்னத்துக்கு ஆகும் என்று கடிந்துகொண்டான். மட்கார்டு முனையில் ஒரு சொட்டை. அதற்குக் கீழே பம்பரிலும் இடது விளக்குக்கு அடியிலும் கருஞ்சிவப்பாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது.

அந்த வட்டாரத்தில் ஆயுத பூஜைக்கு மறுநாள் எந்த வண்டியின் முகத்தைப் பார்த்தாலும் சிவப்பாகத்தான் இருக்கும். கடைக்குக் கடை, லாரிக்கு லாரி, பூசணிக்காயைக் குடைந்து குங்குமம் கொட்டி நடுரோட்டில் போட்டு உடைத்திருப்பார்கள். சாலையே சிவந்து கிடக்கும். ராஜாமணி பதினாறு வருஷமாக அந்தச் சிவப்பைக் கழுவி வருகிறவன்.

"இன்னா ஐயா, பூசணிக்கா மேல ஏத்திட்டீங்களா?" என்று கேட்டான்.

நரசிம்மன் வேப்பமரத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆமா ராஜாமணி. இருட்டுல தெரியல" என்றார்.

வெள்ளைப் பெயிண்டில் குங்குமம் பட்டால் லேசில் போகாது. எவ்வளவு கழுவினாலும் ரோஜா நிறத்தில் ஒரு கறை நிற்கும், தேங்காய் எண்ணெய் போட்டுத்தான் எடுக்க வேண்டும். இதுவோ பச்சைத் தண்ணீரிலேயே போனது. வாளித் தண்ணீர் சிவக்கவில்லை, பழுப்பாகிவிட்டது. ராஜாமணியின் கை ஒரு நொடி நின்றது. குங்குமம் கம்மியாகப் போட்டிருப்பார்கள், வெறும் பூசணிச் சாறு போல என்று நினைத்துக்கொண்டான். கை மறுபடி ஓடியது.

கடைசியாக ஹெட்லைட்டுக்கு வந்தான். பழக்க தோஷத்தில் திருப்புளிக்குக் கை நீட்டியவனுக்கு அது சாமிக்கு முன்னால் இருப்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. வளையத்தைக் கழற்றாமல் ஒரு வண்டியை அனுப்புவது அவனுக்கு நெஞ்சில் முள் மாதிரி. இரண்டு நாள் கழித்துக் கொண்டுவாருங்கள், அந்தச் சந்தையும் துடைத்துக் கொடுத்துவிடுகிறேன் என்றான். அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நரசிம்மன் கிளம்பினார். எப்போதும் அவனோடு நின்று ஒரு டீ குடிக்காமல் போகாதவர், அன்றைக்குக் கேட்கக்கூட இல்லை.

எட்டு மணிக்குச் சேதி வந்தது. முந்தின நாள் பொழுது சாய்கிற நேரத்தில், ஏரிக்கரை வளைவில், ஈரத் தாரில் வண்டிகள் ஏறாமல் இருக்கக் கல் அடுக்கிக்கொண்டிருந்த ஞானம்மாவை ஏதோ வண்டி அடித்துவிட்டுப் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த ஜனம் நாலு பக்கமும் தேடியது. வளைவைத் தாண்டிக் குவாரிப் பாதையில் ஒரு லாரி நின்றிருக்கிறது. முன் டயரெல்லாம் சிவப்பு. டிரைவர் பாண்டுரங்கன் வெளியூர்க்காரன், கொஞ்சம் குடித்தும் இருந்திருக்கிறான். பூசணிக்காய் உடைத்த சிவப்பு என்று அவன் கத்தினதை ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. அடித்து நொறுக்கிப் போலீசில் ஒப்படைத்துவிட்டார்கள்.

ராஜாமணியும் அவனைத் திட்டினான். ஸ்டியரிங் பிடித்த கையை ஒடிக்க வேண்டும் என்று டீக்கடையில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். நேற்று ஒரு பிடி வேஸ்ட் கேட்டவளுக்கு நாளை என்று சொல்லி அனுப்பிவிட்டேனே என்று வீட்டுக்கு வந்து கிளியம்மாளிடம் சொன்னான். அன்றைக்கு மறுபூஜைக் கற்பூரத்தை அவன் காட்டவில்லை, கிளியம்மாள்தான் காட்டினாள்.

ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்து முடித்து உடலைக் கொடுக்க ஒரு நாளாயிற்று. ராஜாமணியும் கிளியம்மாளும் சேரப்பணஞ்சேரிக்குப் போனார்கள். பெண்கள் ஞானம்மாவைக் குளிப்பாட்டி வெள்ளைப் புடவை உடுத்திவிட்டிருந்தார்கள். காலை மட்டும் துணி போட்டு மூடியிருந்தார்கள். பாதம் முழுக்கத் தார், மூன்று சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை என்று ஒருத்தி கிளியம்மாளிடம் சொல்லி அழுதாள். தாவீது தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். அவன் கையால் தடவிக்கொண்டேபோய் அந்தக் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அழுக்குக் காலோடு அனுப்புகிறேனே என்று புலம்பினான்.

ராஜாமணி எழுந்து பக்கத்துக் கடையில் மண்ணெண்ணெய் வாங்கி வந்தான். பையிலிருந்த வேஸ்ட்டை நனைத்தான். தாவீதிடம் கேட்டுக்கொண்டு கால்மாட்டில் உட்கார்ந்தான். பாதத்தின் மேல் அப்பிவைத்துவிட்டுக் காத்திருந்தான். பீடி பற்ற வைக்கவில்லை.

இரண்டு நாள் தார். பொறுமையாகத்தான் வரும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் அவனுக்கு அந்த எண்ணம் வந்தது. இந்தத் தார் அந்த வளைவில் மட்டும், அன்றைக்கு மத்தியானம் மட்டும் போட்ட தார். இவள் நின்றது அதற்குள்ளே. இவளை அடித்த வண்டி அந்த ஈரத் தாரில் ஏறாமல் அடித்திருக்க முடியாது. மறுநாள் விடியற்காலை விரலிலேயே வந்த தார் எது? கதவுக் கைப்பிடி வரை தெறித்திருந்தது எது? பூசணிக்காயை நடுரோட்டில் உடைப்பார்கள், ஈரத் தாரில் எவனும் உடைக்கமாட்டான்.

பச்சைத் தண்ணீரில் போனது, வாளியில் பழுப்பானது எல்லாம் ஒவ்வொன்றாகக் கைக்குத் திரும்ப வந்தன. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை. விரல் விரலாக, நகக்கண் விடாமல், அவள் துடைத்துக்கொள்கிற மாதிரியே துடைத்து முடித்தான். தாவீது தடவிப் பார்த்துவிட்டு, போய்விட்டதா என்று கேட்டான். போய்விட்டது என்று ராஜாமணி சொன்னான்.

மறுநாள் காலை கிளியம்மாள் அடுப்பு மூட்ட டால்டா டப்பாவைத் திறந்தபோதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அன்றைக்கு நரசிம்மன் காரைத் துடைத்த வேஸ்ட் எங்கே என்று கேட்டான். கிளியம்மாள் கையில் தீப்பெட்டியோடு அப்படியே இருந்தாள்.

"அதை வெச்சுதானே அன்னிக்கு மத்தியானம் சோறு வடிச்சேன்" என்றாள். "நாம துன்னது அந்தச் சோறுதான்."

தீப்பெட்டியைக் கீழே வைத்தாள். அப்புறம் அவள் மெதுவாக மற்றதையெல்லாம் எடுத்துச் சொன்னாள். கழுவினவன் நீ, உன்னையும் சேர்த்துப் பிடித்து உள்ளே வைத்தால் யார் கேட்பது? அந்த வைகாசியில் குண்டு வெடித்ததிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஜனங்கள் போலீஸ் ஜீப்பைக் கண்டாலே ஒதுங்கி நடந்துகொண்டிருந்த காலம் அது. பங்க் முதலாளியும் நரசிம்மனும் சிநேகிதர்கள், இந்த வேலையும் போகும். மகள் வேலையும் போகும். அவள் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. சொல்லிவிட்டு, போகாதே என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

மஞ்சுளா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அலமாரிப் பக்கம் பார்த்தாள். அப்புறம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், லாரிக்காரனுக்குப் பிள்ளை குட்டி இருக்கிறதா என்று. ராஜாமணிக்குத் தெரியவில்லை.

ராஜாமணியும் மனுஷன்தானே. ஒரு வேளை லாரியும் அந்தத் தாரில் ஏறியிருந்தால்? கார் வேறொரு சமயத்தில் போயிருந்தால்? அப்படி மட்டும் இருந்துவிட்டால் மகள் வேலைக்குப் போவாள், இவனும் நிம்மதியாகத் தூங்குவான். லாரி போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது, ஒரு தடவை டயரைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று மறுநாள் பஸ் ஏறினான். தார் இருக்க வேண்டும், தார் இருக்க வேண்டும் என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டே போனான்.

லாரி புளியமரத்தடியில் நின்றது. முன் டயரைக் குனிந்து பார்த்தான். நாலு நாளாகியும் பளிச்சென்று சிவந்திருந்தது. ரத்தம் நாலு நாள் சிவப்பாக இருக்குமா? அன்றைக்கே கறுத்துப் போகும். விரலால் தொட்டான், ரோஜா நிறத்தில் ஒட்டியது. குங்குமம். டயரின் இடுக்குகளில் செம்மண் இருந்தது, பூசணி விதை இருந்தது. தார் ஒரு பொட்டுக்கூட இல்லை. எல்லா டயரையும் பார்த்தான். பின்னால் போய் இரட்டை டயருக்கு நடுவிலும் கைவிட்டுப் பார்த்தான். இல்லை.

நிமிர்ந்தபோது யாரோ கூப்பிடுகிற சத்தம். லாக்கப் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பாண்டுரங்கன். ஒரு கண் மூடிக் கிடந்தது, உதடு வீங்கியிருந்தது. கூட்ரோட்டில் அவனும் வண்டியைக் கழுவ விட்டிருக்கிறான், ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது.

"அண்ணே, நீங்க வண்டி கழுவுறவருதானே" என்றான். "நீங்க பாத்துச் சொன்னா நம்புவாங்கண்ணே. அது பூசணிக்காதானே?"

ராஜாமணி டயரைத் தொட்ட விரலைப் பார்த்தான். பூசணிக்காய் என்ற அந்த வார்த்தை யாருக்குச் சொல்ல வேண்டியதோ அவனுக்குக் கிடைக்காமல், யாருக்குக் கூடாதோ அவருக்குத் தானே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டோமே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. நரசிம்மன் தானாகப் பொய் சொல்லவில்லை. பொய்யைச் செய்து கொடுத்தவன் இவன். அவர் வாங்கி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

நேரே ஸ்டேஷனுக்குள் போனான். சப்-இன்ஸ்பெக்டர் தூக்கமில்லாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். ராஜாமணி ஆரம்பத்திலிருந்து சொன்னான். தாரைச் சொன்னான், பச்சைத் தண்ணீரில் போனதைச் சொன்னான், பூசணிக்காய் என்று முதலில் சொன்ன வாய் தன் வாய்தான் என்பதையும் விடாமல் சொல்லி, அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னான். அவர் பேனாவைக் கீழே வைத்தார். எல்லாம் சரி, வண்டியை நீயே கழுவிவிட்டாய், துணியை அடுப்பில் போட்டுவிட்டாய், இப்போது நான் போய் எதைப் பார்ப்பது என்று கேட்டார். பெரிய மனுஷர் வீட்டு வாசலில் போய் நின்று, கார் பளபளவென்று இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வரவா என்றார்.

"ஒரு எடம் பாக்கி கீதுங்க" என்றான் ராஜாமணி. "இடது ஹெட்லைட்டு வளையத்துக்குப் பின்னால. எல்லா வண்டியிலயும் கழட்டித் தொடப்பேன், அன்னிக்கு மட்டும் கழட்டல. திருப்புளி சாமிகிட்ட இருந்துச்சு."

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.

ஜீப் கூட்ரோட்டில் நின்றது. ராஜாமணி கொட்டகைக்குள் போய்த் திருப்புளியை எடுத்து வந்தான். நாலு நாளாக அவன் கருவி எதையும் தொடவில்லை, பிடியில் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து அப்படியே இருந்தது. அங்கிருந்து வாலாஜாபாத் வரை அவனுக்கு ஒரே பயம். நரசிம்மன் வேறு எங்காவது கொடுத்துக் கழுவியிருந்தால்? வேறொருத்தன் அந்த வளையத்தைக் கழற்றியிருந்தால்? வண்டி கழுவுகிற மற்ற எல்லாரையும் சோம்பேறிகள் என்று பதினாறு வருஷமாகத் திட்டித் தீர்த்தவன், அவர்கள் சோம்பேறிகளாகவே இருந்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு மனசார வேண்டிக்கொண்டான்.

கார் வீட்டு முகப்பில்தான் நின்றது. அவன் துடைத்த துடைப்பு. மூன்று நாள் தூசி மேலே படிந்தும் உள்ளே மினுக்கு அப்படியே இருந்தது. ஒரு கறை இல்லை. இவ்வளவு சுத்தமாக ஏன் செய்தோம் என்று அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தான்.

நரசிம்மன் வெளியே வந்தார். நாலு நாளில் பத்து வயது கூடியிருந்தது. ஜீப்பைப் பார்த்தார், திருப்புளியைப் பார்த்தார். கத்தவில்லை, மிரட்டவில்லை. படியில் உட்கார்ந்தார்.

"நீதானே ராஜாமணி பூசணிக்கான்னு சொன்ன" என்றார்.

"ஆமாங்கய்யா" என்றான் ராஜாமணி. "நான்தான் சொன்னேன். அதையும் எழுதிக்கச் சொல்லிட்டேன்."

காருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். திருகாணி சுலபமாகச் சுழலவில்லை, தார் பிடித்து இறுகியிருந்தது. அதிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது, யாரும் கை வைக்கவில்லை என்று. இரண்டு சுற்று, மூன்று சுற்று. வளையம் கையோடு வந்தது.

சந்துக்குள் தார் வழிந்து கட்டியாகியிருந்தது. அதன் மேல் கறுத்துக் காய்ந்த கறை. அதில் ஒட்டிக்கொண்டு நீளமாக இரண்டு தலைமுடி, புடவை நூல் கொஞ்சம். அதற்கும் உள்ளே, தாரில் பாதி முழுகி, ஒரே ஒரு பொரி. அவன் கையால் அள்ளிக் கொடுத்த பூஜைப் பொரி.

பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. அழுக்கைக் கண்டதும் அவன் வலது கை தானாகத் தோளில் கிடந்த துண்டை உருவி, அந்தச் சந்தை நோக்கிப் போய்விட்டது. இடது கையிலிருந்த வளையத்தைத் தரையில் போட்டுவிட்டு, அந்தக் கையால் வலது கையை இறுகப் பிடித்துக்கொண்டான். சப்-இன்ஸ்பெக்டர் வந்து தோளைத் தொட்டு நகர்ந்துகொள்ளச் சொல்லும் வரை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.